அடுத்தவர் தலைமுடியில் ஒரு நேர்த்திக்கடன்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் பசியாறுவதற்கு முன் திறக்கக் கூடாது. திறந்தால் தோசை இறங்காது. துக்கத்தால் அல்ல, எரிச்சலால். நேற்றும் அப்படித்தான். கிள்ளான் அம்மா ஒருவர், பிரிக்பீல்ட்ஸ் அம்மா ஒருவர், செந்தூல், பூச்சோங், காப்பார் என்று கட்டம் கட்டமாக அம்மாக்கள். அத்தனை பேரும் அன்பின் உறைவிடம், பக்தியின் சிகரம், பொறுமையில் பூமாதேவி, குடும்பத்தின் குத்துவிளக்கு. படங்களை எடுத்துவிட்டு வாசகங்களை மட்டும் கலைத்துப் போட்டால், பெற்ற பிள்ளைக்கே தன் தாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று தெரியாது. கோயிலுக்குப் போன அம்மாவுக்குச் சிவசிந்தனையே மூச்சு. தேவாலயத்துக்குப் போன அம்மாவுக்குச் செபமாலையே மூச்சு. அந்த மூச்சு நின்றது ஒன்றுதான் அவர்களைப் பற்றி அந்தப் பக்கம் தரும் உறுதியான செய்தி. அதற்குக் கீழே வருகிறது பட்டியல்: மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். அதில் மட்டும் ஒரு பிழை இருக்காது. மூத்தவருக்கு டத்தோ, இளையவருக்கு ஏ.எம்.என்., மாப்பிள்ளைக்கு பி.பி.என்., எல்லாம் புள்ளி உட்படச் சரியாக இருக்கும். சிகரத்துக்கு நாலு வரி, அடிவாரத்தில் நிற்பவர்களுக்குப் பதினாலு வரி.

என் வாதம் இதுதான்: இந்தப் பக்கம் அம்மாவை நினைவில் வைப்பதற்கானது இல்லை, நிம்மதியாக மறப்பதற்கு நாம் செய்துகொண்ட ஏற்பாடு. கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றது. அந்தத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் எத்தனை அம்மாக்கள் வாழ்ந்து, குடும்பம் நடத்தி, போய்ச் சேர்ந்திருப்பார்கள்! நாளைக்கு ஒருவர் அவர்களுடைய கதையை எழுத உட்கார்ந்து, நம் அஞ்சலி வாசகங்களை மட்டும் நம்பிப் பழைய தாள்களைப் புரட்டினால் அவருக்கு அடைமொழிதான் மிஞ்சும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்து அவள் எப்படி ஒப்பேற்றினாள், கணவனைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போன பிறகு யாரிடம் அரிசி கடன் கேட்டாள், அப்போது எந்தச் சாமியோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டாள், யார் சமாதானம் செய்து வைத்தது, இதில் ஒன்றும் கிடைக்காது. பூமாதேவியை வைத்துக்கொண்டு எந்த வரலாற்றாசிரியர் என்ன செய்வார்? 

இந்தப் பழக்கத்துக்கு நாளிதழின் விளம்பரப் பிரிவைக் குறை சொல்ல முடியாது. வழிகாட்டியவர் சேக்கிழார். பெரியபுராணத்தின் 63 நாயன்மார்களில் பெண்கள் மூவர். அவர்களில் காரைக்கால் அம்மையாருக்கு 66 பாடல்கள். கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனி முதல் கயிலைக்குத் தலையால் நடந்தது வரை எல்லாம் விவரமாக இருக்கிறது. இசைஞானியாருக்கு எத்தனை? ஒன்று. அவர் செய்தது வீட்டிலிருந்து சுந்தரரைப் பெற்றது. திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய அந்தக் குழந்தையை நரசிங்கமுனையரையர் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிப்போய் வளர்த்தார் என்கிறது புராணம். பெற்றவள் அன்று என்ன சொன்னாள், கொடுக்க மாட்டேன் என்றாளா, மன்னர் வீட்டுச் சோறு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று அழுதாளா, ஒரு சொல் கிடையாது. அவருக்கென்று ஒதுக்கிய அந்த ஒரே பாட்டிலும் பாதி, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்ற உறவுமுறை. மீதி, இவரைப் புகழ என்னாலும் ஆகாது, யாராலும் ஆகாது என்ற கைவிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தின் முழு அமைப்பும் இதில் இருக்கிறது: மேலே வார்த்தை இல்லை என்பது, கீழே சொந்தக்காரர் பட்டியல். வீட்டை விட்டு வெளியேறிப் பேயுருக் கொண்டால் 66, அடுப்படியில் இருந்தால் 1. கணக்கு நேர்மையாகத்தான் இருக்கிறது.

சைவர்கள் மட்டும் வெட்கப்பட்டால் போதாது. நம் ஊர்க் கிறிஸ்தவப் பாட்டிமார்களின் அடக்க ஆராதனைகளில் தவறாமல் எடுத்துக் காட்டப்படுகிறவள் லோவிசாள், தீமோத்தேயுவின் பாட்டி. அவளுக்கு வேதாகமம் முழுவதிலும் ஒரே வசனம், அதுவும் பேரனுக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் நடுவே ஒரு வாக்கியம். அவள் மகள் ஐனிக்கேயாளின் கணவன் கிரேக்கன் என்பது அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்திலிருந்து தெரிகிறது. யூதக் குடும்பத்துக்குக் கிரேக்க மாப்பிள்ளை! அந்தக் கல்யாணத்துக்கு முன் அந்த வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்பதல்லவா நமக்கு வேண்டும்? பவுல் ‘மாயமற்ற விசுவாசம்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். இன்னும் ஒரு படி மேலே போனால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலம். ஜூலை 26 திருநாளை ஒட்டிக் கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பேருந்து பேருந்தாகப் போகிறோம். கத்தோலிக்கர் மட்டுமில்லை, எல்லாரும் போகிறோம். யேசுவின் பாட்டியாகிய அந்த அன்னம்மாளின் பெயர் விவிலியத்தில் எங்கும் இல்லை. திருமுறையில் சேர்க்கப்படாத இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்துதான் அந்தப் பெயரே நமக்குக் கிடைத்தது. இசைஞானியாருக்கு ஒன்று, லோவிசாளுக்கு ஒன்று, அன்னம்மாளுக்குச் சுழியம். கூட்டம் மட்டும் குறைவதே இல்லை.

சரி, அந்த அடைமொழிகள் எதை மறைக்கின்றன? எல்லா வாசகங்களிலும் என்னை அதிகம் சுடுவது, ‘தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டதில்லை’ என்பது. மனிதர்களிடம் கேட்டிருக்க மாட்டாள், ஒப்புக்கொள்கிறேன். கடவுளிடம் அவள் கேட்டதைப் பட்டியல் போட்டால் பட்டியலைச் சுமக்க ஆள் வேண்டும். அதுவும் பெரிய விஷயமில்லை, கேட்பதற்குத்தானே கோயில். கேட்டதற்கு ஈடாக அவள் எதை வைத்தாள் என்பதுதான் விஷயம். மகன் எஸ்.பி.எம். தேறினால் மகனுக்கு மொட்டை. பேரனுக்குக் காய்ச்சல் விட்டால் பேரனுக்கு மொட்டை. மருமகனுக்கு அரசாங்க வேலை கிடைத்தால் மருமகன் காவடி எடுப்பார். கணவர் பீரை விட்டால் கணவரே பால்குடம் எடுப்பார். வேண்டிக்கொண்டவள் கொண்டையில் ஒரு முடி குறைந்ததா, பாருங்கள். அவள் சொத்து அவளிடம் பத்திரமாக இருக்க, அடுத்தவர் தலைகள் பத்துமலையில் அடமானத்தில் இருந்தன. அடுத்தவர் சொத்தை ஈடாக வைத்தால் எந்த வங்கியும் அவர் கையெழுத்து இல்லாமல் கடன் கொடுப்பதில்லை, முருகன் கொடுத்திருக்கிறார். சம்பந்தப்பட்ட தலைக்குச் செய்தி தெரிவதே தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாளைக்கு முன், விரதம் தொடங்கும் அன்றைக்குத்தான். மறுத்துப் பேசவும் வழியில்லை. பரீட்சையில் தேறியாயிற்று, சாமி தன் பங்கைச் செய்துவிட்டது. இனி மறுக்கிறவன் ஏமாற்றுக்காரன் ஆவான்.

பேரம் படியாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மகன் தேறவில்லை என்றால் வேண்டுதல் ரத்தாகும் என்று நினைப்பவர்களுக்கு அம்மாக்களைத் தெரியாது. ஈடு போதவில்லை என்று பொருள். அடுத்த ஆண்டுக்குத் தம்பி தலையும் சேர்ந்துகொள்ளும். அதற்கும் அசையவில்லை என்றால் கிளை மாற்றம்: சைவ அம்மா கிள்ளான் லூர்து மாதா ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள், கத்தோலிக்க அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் காசு கொடுத்து மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடச் சொல்வாள். இதை மதநல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு அது கடன் கொடுப்பவர்களிடையே போட்டியை உண்டாக்கும் வித்தையாகத்தான் தெரிகிறது. இத்தனைக்கும் அவள் படி ஏறாமல் இருந்தவள் இல்லை. 272 படியையும் எல்லாருக்கும் முன்னால் ஏறி, மேலே நின்று திரும்பி, எந்த மருமகள் எந்தப் படியில் மூச்சு வாங்குகிறாள் என்று எண்ணியவள். அவள் இறந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலியை லாரியில் ஏற்றும்போது சின்னம்மா மெதுவாக வருவார். ‘தம்பி, ஒம்பேருல அம்மா ஒன்னு வேண்டிகிட்டு இருந்தாங்க, அது இன்னும் செய்யலையேப்பா’ என்பார். சுபாங்கில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர், பள்ளிக்கூடத்தில் எழுதிய பரீட்சைக்காக மொட்டை போடப் போகிறார். இருக்கிற முடியும் கொஞ்சம்தான், அதை எண்ணித்தான் வளர்க்கிறார். ஆனால் அசலும் வட்டியும் சேர்ந்து நிற்கிறது. சாட்சி சின்னம்மா. எதிர்த்து வழக்காட ஆள் உயிரோடு இல்லை.

இந்த நடைமுறைக்கும் பழைய ஆதாரம் உண்டு. சமண சமயத்துக்குப் போய்விட்ட தம்பியைத் திருப்பித் தரும்படி திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் மன்றாடினார். வேண்டியது அக்கா, சூலை நோய் வந்தது தம்பிக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்தான் பின்னாளில் திருநாவுக்கரசர் ஆனார். அடுத்தவர் உடம்பை ஈடாக வைத்து வேண்டுதலை நிறைவேற்றும் நம் வீட்டு முறைக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி கிடையாது. திலகவதியார் 63 பேரில் சேர்க்கப்படவும் இல்லை. வயிற்று வலியைத் தாங்கிய தம்பி சேர்க்கப்பட்டார். அதில் ஒரு நியாயம் இருப்பதாகச் சுபாங் பல் மருத்துவர் சொல்லக்கூடும்.

விளையாட்டை விட்டுச் சொன்னால், அம்மாவின் பக்தி என்பது அதிகாரம். புரட்டாசியில் ஒரு மாதம் முழுவதும் அந்த வீட்டில் மீன் கிடையாது என்று அறிவித்து, எட்டுப் பேர் வாயைக் கட்டி, சனிக்கிழமைதோறும் அத்தனை பேரையும் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் வரிசையில் நிறுத்தியது ‘பொறுமை’ என்றால், நாடாளுமன்றத்தில் கொறடாவாக இருப்பதும் பொறுமைதான். கோயில் திருப்பணி நன்கொடைக்கும் பேத்தியின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும் அவள் பணம் எங்கிருந்து புரட்டினாள்? மலாயில் கூத்து என்பார்களே, அந்தச் சீட்டிலிருந்து. இந்த நாட்டில் அதை நடத்தக் கூடாது என்று 1971-இல் தடைச் சட்டமே வந்தது. சட்டத்துக்குப் பிறகும் எத்தனை வீட்டு வரவேற்பறையில் மாதம் முதல் ஞாயிறு பலகாரத்தோடு சீட்டு எடுக்கப்பட்டது என்பதை வாசகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும். ஆக, பக்தியின் சிகரங்களில் பலர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். ஒரு மாதம்கூடப் பணம் பிசகாமல், ரசீது இல்லாமல், இருபது குடும்பத்தின் சேமிப்பை முந்தானை முடிச்சில் நிர்வகித்த பெண்ணைக் ‘குத்துவிளக்கு’ என்று எழுதுகிறோம். குத்துவிளக்குக்குக் கூட்டல் தெரியுமா?

செத்தவர்களைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம் என்பதற்கு எனக்குக் கிடைத்த மூத்த சாட்சி புனித அகுஸ்தினார். அவருடைய தாய் மோனிக்கா 387-இல், 56 வயதில், ரோமாபுரித் துறைமுகமான ஒஸ்தியாவில் இறந்தார். பிள்ளைக்காக அழுதழுதே புனிதரானவர். ஆகஸ்ட் 27 அவருக்கு, மறுநாள் மகனுக்குத் திருநாள். மகன் அம்மாவைப் பற்றி எழுதியதில் என்ன இருக்கிறது தெரியுமா? சிறு பெண்ணாக இருந்தபோது, திராட்சை மதுவை எடுத்துவர அனுப்பினால் உதட்டை நனைத்து நனைத்து, பிறகு கிண்ணம் கிண்ணமாகவே குடிக்கப் பழகியது, வேலைக்காரப் பெண் சண்டையில் ‘குடிகாரி’ என்று திட்டிய அன்று அதை விட்டது, எல்லாம் இருக்கிறது. கார்த்தேஜில் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாகத் தான் கப்பலேறியதையும், அவர் கடல் தாண்டி மிலான் வரை வந்து பிடித்ததையும் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் வேலை என்று தப்பித்துப் போய், மூன்றாம் மாதமே ஊறுகாய்ப் பாட்டிலோடு அம்மா வந்து இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். மிலானில் புனிதர்களின் கல்லறைக்கு அவர் எடுத்துப்போன படையல்கூடப் பதிவாகியிருக்கிறது: கஞ்சி, ரொட்டி, திராட்சை மது. வாயிற்காவலர் தடுத்தார், ஆயரின் உத்தரவு என்று சொன்னதும் அம்மா அடங்கிப் போனார். பதினாறு நூற்றாண்டு கழித்தும் மோனிக்காவின் கூடையில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. போன வருடம் போன அம்மாவின் கூடையில் என்ன இருந்தது என்று அவர் மகனைக் கேட்டால் ‘அன்பு’ என்பார். இத்தனையும் சொன்னதால் மோனிக்காவின் புனிதப் பட்டத்தை யாரும் பிடுங்கவில்லை.

அடுத்த மறுப்பு, இடம் போதாது, சதுர அங்குலத்துக்குக் காசு. இதை டத்தோ பட்டங்களை முழுதாக அச்சிடுகிறவர்கள் சொல்லக் கூடாது. அதோடு, கல்லில் வெட்டுவது தாளில் அச்சிடுவதைவிட மலிவா? பத்தாம் நூற்றாண்டில் கணவர் கண்டராதித்த சோழரை இழந்து, மகன் உத்தம சோழன் அரசாண்ட பிறகும் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவிதான் தமிழ்நாட்டின் மாபெரும் பக்தித் தாய். அந்த அம்மையாரின் கொடைகளைக் கல்வெட்டுகள் விவரமாகச் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசனின் அக்கா குந்தவை கொடுத்த நகைகளை எடை போட்டு, முத்துகளை எண்ணி, ஒன்று விடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிற்பிக்கு உளி தேய்ந்திருக்கும். இருந்தும் ‘கொடையின் சிகரம்’ என்று நாலெழுத்தில் முடித்துக்கொண்டு கூலி கேட்கவில்லை. துக்கத்தில் கை ஓடாது என்று சிலர் சொல்வார்கள். முதல் வாரத்துக்கு அது சரி. பன்னிரண்டாம் ஆண்டு நினைவஞ்சலியிலும் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு வரும்போது அது துக்கமா, பழைய கோப்பா?

பொதுவாழ்வில் இருந்த அம்மாக்களுக்கு இந்தக் கதி இல்லை என்பது என் வாதத்துக்கு இன்னொரு சான்று. அன்னை மங்களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் சிங்கப்பூரில் பிறந்தார். சுவாமி சத்தியானந்தர் 1949-இல் தொடங்கிய சுத்த சமாஜத்தில் சேர்ந்தார். 1961-இல் சுவாமி மறைந்த பிறகு பூச்சோங் சாலையில் இருந்த சமாஜத்தின் ஆதரவற்றோர் இல்லத்தை அறுபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கினார். 2023 ஜூனில் 97 வயதில் காலமானார். பெறாத பிள்ளைகளுக்கு எண்ணிக்கை இல்லாத தாய். அவரைப் பற்றி எழுத உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஆண்டு இருக்கிறது, இடம் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது; அடைமொழி இல்லாமலே ஒரு பக்கம் நிறையும். ஆனால் சேக்கிழாரின் விதி இங்கேயும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். சொந்த வீட்டுக்குள் குடும்பம் நடத்தாமல் வெளியே வந்த பெண்ணுக்குத்தான் வரலாறு. அதே வேலையைத் தாமான் வீட்டின் மூன்று அறைக்குள், பெற்ற ஆறு பேருக்கும் வந்து ஒட்டிக்கொண்ட நாலு பேருக்கும் செய்தவளுக்கு ஒரு பாட்டு.

கடைசி மறுப்புதான் கனமானது: அம்மாவே இதைத்தான் விரும்பியிருப்பார். உண்மைதான். தன் மகன் மேடையில் ஏறித் தன் சீட்டுக் கணக்கைப் பேசினால் அவளே எழுந்து வந்து காதைத் திருகுவாள். ஆனால் அவள் விரும்பியது இது ஒன்றுதானா? மூத்தவன் டாக்டருக்குப் படிக்க விரும்பினாள், அவன் கிட்டார் வாசிக்கப் போனான். இளையவள் சொந்தத்தில் கட்ட விரும்பினாள், அவள் கிரேக்க மாப்பிள்ளைக்குக் கொஞ்சமும் குறையாத ஒருவரைக் கொண்டுவந்தாள். உயிரோடு இருந்தபோது ஒரு விருப்பத்தையும் மதிக்காத கூட்டம், அவளைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்கு அனுமதி தரும் ஒரே விருப்பத்தை மட்டும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. இதை நான் பக்தி என்று ஏற்க மாட்டேன்.

 கடைசியாக, அந்தக் கட்டங்களில் வரும் படத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். அம்மாவின் படம் யாரிடமும் இல்லை, எல்லாப் படத்தையும் எடுத்தவளே அவள்தான். எனவே ஐசியில் இருக்கும் படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே தலையை மட்டும் வெட்டி எடுத்து, கணினியில் தயாராக இருக்கும் ஒரு பட்டுப்புடவை உடம்பில் பொருத்துகிறார்கள். போனவாரம் வேறு ஒரு தலை இருந்த உடம்பு அது. சுருக்கத்தையெல்லாம் தேய்த்ததில் அம்மா மகளைவிட இளமையாகிவிடுகிறாள். குத்தாத மூக்கில் மூக்குத்தி ஏறுகிறது. நேற்றைய பக்கத்தில், மேலே சிலுவையும் கீழே லூத்தரன் சபையின் பெயரும் போட்டிருந்த ஓர் அம்மாவின் நெற்றியில் வட்டமாகக் குங்குமப் பொட்டு. பிள்ளைகள் ஒன்பது பேர், பேரப்பிள்ளைகள் அதற்கு மேல், அத்தனை பேரும் பார்த்துச் சரி என்றுதான் அச்சுக்குப் போயிருக்கிறது. பின்னால் நீல வானமும் வெள்ளை மேகமும். மேகத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாதாம்.